சினைமாட்டுக்கு ஒரு கை

எங்கள் ஊரில் மாடு கன்று போடச் சிரமப்பட்டால் முதல் போன் மலர்க்கொடிக்குத்தான் போகும். போய்க்கொண்டிருந்தது என்று திருத்திச் சொல்ல வேண்டும். இப்போது அவள் ஊரில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் எங்கள் தெருவின் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். என் பெயர் வீரமுத்து. அரும்பாவூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஊரின் பால் சொசைட்டிக்குப் பதினெட்டு வருடமாகச் செயலாளர். யார் வீட்டு மாடு சினை, யார் வீட்டு மாட்டுக்கு மடிநோய், யார் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது கடைசியில் தெரியும்.

மலர்க்கொடி பிறந்தது தா.பழூர்ப் பக்கம். வாய்க்கால் தண்ணீர், நெல் வயல், கட்டுக்கட்டாக வைக்கோல் என்று வளர்ந்தவள். இருபது வயதில் லாரி டிரைவர் வீரமணியைக் கட்டிக்கொண்டு, மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் தவிர வேறு பேச்சில்லாத இந்தக் கரிசல் பூமிக்கு வந்தாள். ஆறாவது வருடம் வீரமணி ஜெயங்கொண்டத்தில் இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். அவளுக்கு மிஞ்சியது மகள் சுகன்யா, அரை ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு. கழுத்தில் தாலி இருந்தது, வீட்டில் புருஷன் இல்லை. நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று ஊருக்குக் கடைசிவரை குழப்பமாகவே இருந்தது. வேலைக்கு மட்டும் கூப்பிட யாரும் யோசித்ததில்லை.

அந்த மாடு முதல் கன்று போட்டபோது அவளுக்கு எதுவும் தெரியாது. எதிர்வீட்டு மருதாயி போய் நின்றுகொண்டு, "நஞ்சு வுழுவுற வரைக்கும் கன்னுக்குட்டிய மடியில வுடாத. சீம்பால் குடிச்சா நஞ்சு உள்ளாரயே நின்னுரும்" என்று சொன்னாள். ஊரே அப்படித்தான் சொல்லும். நஞ்சுக்கொடி மறுநாள் மத்தியானம்தான் விழுந்தது. அதுவரை கன்றுக்குட்டி பசியோடு தரையை நக்கிக்கொண்டு கிடந்தது. ஐந்தாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போனது. கிடேரிக் கன்று வேறு.

பால் ஊற்ற வந்த இடத்தில், எங்கள் சொசைட்டிக்கு வந்திருந்த கால்நடை டாக்டர் தமிழழகனை மறித்துக்கொண்டு ஏன் செத்தது என்று கேட்டாள். பிறந்த அரை மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் கன்றுக்கு நோய் தாங்கும் சக்தி வரும், கன்று முட்டிக் குடித்தால் நஞ்சும் சீக்கிரம் விழும் என்று அவர் விளக்கினார். அவள் அழவில்லை. "அப்ப நான்தான் சார் கொன்னுருக்கேன்" என்றாள். டாக்டர் பதறிப்போய் இல்லையம்மா, இல்லையம்மா என்றார். நான் பால் மானியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். தப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்ட ஒரு மனிதப்பிறவியை எங்கள் ஊரில் நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு அவள் கேட்டுக் கேட்டுக் கற்றாள். பெரம்பலூரில் மூன்று நாள் பயிற்சி முகாம் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பெண்கள் போனார்கள். எட்டுப் பேர் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள், மலர்க்கொடி ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். கன்று விழுந்ததும் தொப்புள் கொடியைக் கட்டி நறுக்கி அயோடின் வைப்பது, மாசாமாசம் கன்றுக்குட்டிக்குப் பூச்சி மருந்து, தீவனத்தில் தாது உப்பு, கறந்து முடித்தபின் மாடு உடனே படுக்காதபடி கொஞ்சம் தீனி போட்டு நிற்க வைப்பது. மழை தவறிய வருடம் வாடிக் கிடந்த இளஞ்சோளப் பயிரில் மாட்டை விட்டால் விஷமேறி அரை மணியில் செத்துவிடும் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னதும் அவள்தான். சொன்னதைக் கேட்காத ஒரு வீட்டில் இரண்டு ஆடும் ஒரு காளையும் போயின. கேட்ட வீட்டுக்காரர்கள் எல்லாம் தங்களுக்கே தோன்றியதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஊர் அவளுக்குப் 'பாதி டாக்டர்' என்று பட்டம் வைத்தது. மீதிப் பாதி எங்கே என்று பையன்கள் கேலி பேசுவார்கள். ஆனால் மாடு கால் மடக்கிப் படுத்தால் அதே வாய்கள் "மலரு, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று குழையும். அவள் போவாள். காசு வாங்க மாட்டாள். வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சும்மா கிடைக்கிறது என்றால் எங்கள் ஆட்களுக்கு இளக்காரம்.

எங்கள் சொசைட்டியின் பழைய தலைவர் ராசாங்கம் இதில் உச்சம். பெரிய காடு கழனி, எட்டு மாடு, ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் மாடு கன்று போட்டபோது மலர்க்கொடி கன்றைத் தூக்கி நேரே மடியில் விட்டாள். "நஞ்சு வுழுவுறதுக்கு மின்ன பால் குடுக்குறியா? எங்க பரம்பரையில கெடையாது இது, எடு கன்ன!" என்று அவர் கத்தினார். அவள் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் நஞ்சு சுத்தமாக விழுந்தது. "எல்லாம் கொலதெய்வம் பாத்துக்குச்சு" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். கன்றை மடியில் விட்ட குலதெய்வத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பி வைத்தார்கள்.

மாட்டுப் பொங்கல் விஷயம் இங்கேதான் வருகிறது. பொங்கலுக்கு மறுநாள் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, பொட்டு வைத்து, பொங்கல் வைத்து மாட்டுக்கு ஊட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் தெருவில் கூடுதலாக ஒரு பழக்கம். மாட்டுக்கென்று கொட்டகைக்கு எடுத்துப் போன பொங்கலைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுவரக் கூடாது. பானை அங்கேயே காலியாக வேண்டும். வீட்டு மாட்டுக்குப் போக மிஞ்சியதைத் தெருவில் உள்ள மற்ற மாடுகளுக்கு ஆளுக்கொரு கை கொடுத்துக்கொண்டே போவார்கள். சினைமாடாக இருந்தால் கூடுதல் புண்ணியம் என்று ஒரு பேச்சு.

ஆண்டு முழுவதும் சோளத்தட்டையும் புல்லும் தின்கிற வயிற்றில் திடீரென்று கிலோக் கணக்கில் சோறு போனால் அது உள்ளே புளித்து அமிலமாகிவிடும். மாடு அசை போடுவதை நிறுத்தும், பல்லைக் கடிக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும், பிறகு எழுந்திருக்காது. ஒரு தை மாதம் எங்கள் ஊரில் நான்கு மாடுகள் இப்படிப் படுத்து இரண்டு செத்தன. கண்ணுபட்டுவிட்டது என்றார்கள். மலர்க்கொடி டாக்டரைக் கேட்டு வந்து, அடுத்த மார்கழி கடைசி வாரம் என் முன்னால் நின்றாள்.

"அண்ணே, சொசைட்டி போர்டுல எழுதுங்கண்ணே. பொங்கல் ஒரு உருண்டைக்கு மேல குடுக்காதீங்கன்னு."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். 'மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு ஓர் உருண்டைக்கு மேல் பொங்கல் கொடுக்காதீர். உயிருக்கு ஆபத்து.' ராசாங்கம் வந்து, நல்ல நாளும் அதுவுமாக உயிர், ஆபத்து என்றெல்லாம் எழுதுவதா என்று அழிக்கச் சொன்னார். உயிரையும் ஆபத்தையும் அழித்தேன். மற்றதை விட்டுவைத்தேன். அதையே வீரமாக நினைத்துக்கொண்டவன் நான்.

வருடாவருடம் எழுதினேன். அவள் வருடாவருடம் வீடுவீடாகச் சொன்னாள். முகத்துக்கு நேரே சிரித்தார்கள், முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். தாலியைக் கட்டினவனே தங்காத வீட்டுக்காரி மாட்டுக்குப் பொங்கல் போடாதே என்கிறாள் என்று மருதாயியே என் மனைவியிடம் சொன்னாள். ஆனாலும் பயம் உள்ளே போய்விட்டது. தங்கள் மாட்டுக்கு மட்டும் சத்தமில்லாமல் ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். பானையின் அளவை மட்டும் யாரும் குறைக்கவில்லை. சின்னப் பானை வைத்தால் கௌரவக் குறைச்சல் அல்லவா?

இரண்டு வருடத்துக்கு முந்தைய தையில் மலர்க்கொடியின் மாடு எட்டு மாதச் சினை. செவலை நிறம், அவள் கூப்பிடுவதும் செவலை என்றுதான். பால் வற்றி இரண்டு மாதமாகியிருந்தது. அந்தக் கன்றை நம்பித்தான் அவள் வீடு இருந்தது. சுகன்யா திருச்சியில் நர்சிங் கடைசி வருடம். ஆஸ்பத்திரியில் டூட்டி போட்டுவிட்டார்கள் என்று அவளால் பொங்கலுக்கு வர முடியவில்லை. கிடேரி விழுந்தால் வளர்த்து இரண்டு மாடாக்கிவிடலாம், சுகன்யா வேலைக்குப் போகும்வரை யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் எதிர்காலம் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மாட்டுப் பொங்கலன்று காலை எட்டு மணிக்கு ராசாங்கத்தின் மகன் ராஜராஜன் புல்லட்டில் அவள் வாசலுக்கு வந்தான். பெரும்பொங்கலன்று மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை ராத்திரியே அண்டாவோடு மாட்டுக்கு வைத்திருக்கிறார் பெரியவர். மாடு விடியற்காலையிலிருந்து எழவில்லை. "அக்கா, அப்பாதான் கூட்டியாரச் சொன்னாங்க" என்றான். அப்பாவுக்கு நேரில் வந்து வாய்விட்டுக் கூப்பிடத் தெரியாது.

அவள் செவலைக்கு நான்கு தட்டையைப் போட்டுவிட்டு, வீட்டில் இருந்த சோடா உப்பையெல்லாம் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போனாள். ராசாங்கத்தின் மாட்டுக்குச் சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினாள், கடலை எண்ணெய் கொடுத்தாள், வயிற்றின் இடது பக்கத்தை முஷ்டியால் அமுக்கிவிட்டாள், தண்ணீர்த் தொட்டியைத் தள்ளி வைத்தாள், டாக்டருக்குப் போன் போட்டு எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்று கணக்காகச் சொன்னாள். அவர் வந்து ஊசி போடும்வரை கூடவே இருந்தாள். ஐந்து மணி நேரம். அந்த மாடு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கிறது.

அந்த ஐந்து மணி நேரத்தில்தான் எங்கள் தெரு மாட்டுப் பொங்கல் கொண்டாடியது.

பத்து மணிக்குப் பூஜை முடிந்தது. எல்லா வீட்டிலும் மாட்டுக்கு ஒரு உருண்டை. மலர்க்கொடி பேச்சைக் கேட்டுத்தான், வேறெதற்கு? பானையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அடுத்த வீட்டு மாட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அடுத்த வீட்டுக்காரன் கொட்டகை முன்னாலேயே நின்றுகொண்டு, "போதும்ங்க, போதும்ங்க, இப்பத்தான் தின்னுச்சு" என்று சிரித்துத் தடுக்கிறான். எல்லோரும் பானையோடு தெருவில் நின்றோம். அப்போது யாரோ, யார் என்று சத்தியமாக நினைவில்லை, "பாவம், மலரு மாடு பொட்டுகூட வெக்காம நிக்குது. சினைமாடு வேற" என்றார்கள்.

பாவம் பார்த்துத்தான் போனோம். அதை நான் மறுக்கமாட்டேன். பெண்கள் செவலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மாலை போட்டார்கள். பிறகு ஒரு கை, ஒரு கை என்று ஊட்டினார்கள். இனிப்புச் சோறு, மாடு வேண்டாம் என்று சொல்லுமா? கை வலித்ததும் சிலர் பானையை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்கள். நான் என் மனைவி அமிர்தவல்லியோடு வாசலில் தயங்கி நின்றேன். அந்நேரம் அப்பன் மாட்டை மலர்க்கொடி கையில் ஒப்படைத்துவிட்டுத் தெருவுக்குத் திரும்பியிருந்த ராஜராஜன் சத்தமாகச் சொன்னான்.

"செயலாளர் குடுக்க மாட்டாரு. அவரு பாதி டாக்டர் கட்சி. போர்டெல்லாம் எழுதுறவரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் இரண்டு கை அள்ளி ஊட்டினேன். பிறகு, எங்கள் பானையிலும் மிச்சம் வைக்கக் கூடாதே என்று தொட்டியில் கொட்டினேன். நான் எந்தக் கட்சியும் இல்லை என்று காட்டிக்கொள்ள அது ஒன்றுதான் அப்போது கைக்குக் கிடைத்தது. ஒரு வீட்டுப் பானையால் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். பத்தொன்பது வீட்டாரும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

ஒரு மணிக்கு மலர்க்கொடி திரும்பினாள். செவலையின் நெற்றியில் பொட்டைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். தொட்டியை மாடு துடைத்து வைத்த மாதிரி நக்கியிருந்தது. ஓரத்தில் மட்டும் இரண்டு பருக்கை. வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

முதலில் மருதாயி வீடு. "அக்கா, செவலைக்குப் பொங்கல் குடுத்தீங்களா? திட்ட மாட்டேன்கா. எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க."

"நாங்க பொட்டுதாம்மா வெச்சோம். யாராச்சும் ஒரு கை குடுத்துருப்பாங்க."

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எல்லோருக்கும் ஒரே பதில். பொட்டு வைத்தோம், மாலை போட்டோம், அவ்வளவுதான். அவள் கேட்ட கேள்வியின் அர்த்தம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் வாய் வரவில்லை. கொடுத்தேன் என்று சொன்னால், செய்யாதே என்று இத்தனை வருடம் சொன்னதை அவள் மாட்டுக்கே செய்தேன் என்று ஆகிவிடும். அதைவிடப் பொய் சுலபம்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. என்ன நடந்துச்சு? நெறய தின்னுருந்தா இப்பவே டாக்டர வரச்சொல்லி வயித்தத் தொறந்து எடுக்கணும்ண்ணே. கொஞ்சம்னா சோடா உப்போட நிறுத்திக்கலாம், சினை வயித்துல கத்தி வெக்க வேணாம். அதுக்குத்தான் கேக்குறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி கேட்க முடியாது. என் மனைவி உள்ளே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் விருந்துக்கு வந்த மச்சான் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். போர்டில் எழுதியவன் நான். அவனே கொடுத்தான் என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"நான் குடுக்கலம்மா. அங்க ரெண்டு மூணு பேரு ஒரு கை குடுத்தாப்புல இருந்துச்சு. அதிகமில்ல" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். "தெய்வமேன்னு இருக்குண்ணே. ஆப்ப சோடா இருந்தா குடுங்க, எங்கிட்ட இருந்ததெல்லாம் பெரியவரு மாட்டுக்குப் போயிருச்சு" என்றாள். அமிர்தவல்லி ஓடிப்போய் அடுப்படியிலிருந்து பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். அதை வாங்கி நானே மலர்க்கொடி கையில் கொடுத்தேன். அதைக் கொடுத்ததும் எனக்கு ஏதோ கணக்கு நேராகிவிட்ட மாதிரி இருந்தது. வெட்கங்கெட்ட மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

நான்கு மணிக்குச் செவலை பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் இன்னும் மூன்று ஊர்களில் இதே போன்ற மாடுகளைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வந்தார். அதற்குள் மாடு படுத்துவிட்டது. நானும் போய் வேலியோரம் நின்றிருந்தேன். "எவ்வளவும்மா தின்னுச்சு?" என்று அவர் கேட்டார்.

"கொஞ்சம்தான் சார். விசாரிச்சுட்டேன். ரெண்டு மூணு கைதான்" என்றாள் மலர்க்கொடி.

என் பொய்யை அவள் வாயால் கேட்டேன். அவர் தயங்கினார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கொஞ்சம் தின்ற மாதிரித் தெரியவில்லையே என்றார். ஆனால் இந்த ஊரில் அவர் நம்புகிற ஒரே ஆள் மலர்க்கொடி. அவள் விசாரித்தேன் என்றால் விசாரித்திருப்பாள். பகலெல்லாம் அலைந்த மனிதர், வெளிச்சமும் இல்லை, எட்டு மாதச் சினை வேறு. வயிற்றைத் திறக்க வேண்டாம் என்று ஊசியும் பாட்டில் மருந்தும் ஏற்றிவிட்டு, காலையில் வருகிறேன் என்று போனார். அப்போதும் நான் வேலியோரம்தான் நின்றேன். 'சார், ஒரு நிமிஷம்' என்று மூன்று வார்த்தை. வரவில்லை.

விடிவதற்குள் செவலை செத்துப்போனது.

டாக்டர் ஏழு மணிக்கு வந்து வயிற்றை அறுத்துப் பார்த்தார். தெருவே கூடி நின்றது. சோறு, வெல்லத்தோடு, முந்திரியும் ஏலக்காயுமாக, அப்படியே புளித்த நாற்றத்தோடு வந்துகொண்டே இருந்தது. சிலர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பொங்கலில் திராட்சை அதிகம் போடுவோம். நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதினஞ்சு கிலோவுக்குக் கொறையாது" என்றார் டாக்டர். பிறகு மலர்க்கொடியைப் பார்த்து, "நேத்து மத்தியானமே தெரிஞ்சிருந்தா எடுத்துருக்கலாம்மா. ரெண்டும் பொழச்சிருக்கும்" என்றார். உள்ளே இருந்த கன்று கிடேரி. உடம்பு முழுக்க ரோமம் வந்திருந்தது.

மலர்க்கொடி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். யாரையும் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கூட்டம் கலைந்தது.

இதோடு விட்டிருந்தால்கூட ஊருக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் பதினைந்து கிலோ சோற்றுக்கு ஒரு பதில் வேண்டுமே. பத்தொன்பது வீட்டாரும் கொடுக்கவில்லை என்று சொல்லியாயிற்று, இனி வார்த்தையை மாற்ற முடியாது. ஒருவன் பொய்யை இன்னொருவன் உடைத்தால் தன் பொய்யும் உடையும். ஆகவே மூன்றாம் நாளே புதுக்கதை கிளம்பிவிட்டது. மலர்க்கொடியே காலையில் ரகசியமாகப் பொங்கல் வைத்து மாட்டுக்குப் போட்டிருக்கிறாள், ஊரார் மாட்டுக்கு மட்டும் கூடாதென்று தடுத்தவள், சாமி காட்டிக்கொடுத்துவிட்டது என்றார்கள். ராசாங்கம் சொசைட்டி வாசலில் நின்று சொன்னார்: "எம்மாடு அண்டாவோட தின்னுச்சு, பொழச்சிருச்சு. அவ மாடு செத்துச்சு. அப்பறம் பொங்கலா காரணம்? அவ வாய்தான் காரணம்." அவர் மாட்டைப் பிழைக்க வைத்தது யார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நான் உள்ளே பால் அளந்துகொண்டிருந்தேன்.

அதோடு அவளுக்குப் போன் போவது நின்றது. பங்குனியில் மருதாயியின் மாட்டுக்குக் கன்றின் கால் மடங்கிச் சிக்கிக்கொண்டது. மலர்க்கொடி வீடு எதிரில்தான். யாரும் கூப்பிடவில்லை. மாடு கதறுவது பொறுக்காமல் அவளாகவே தெருவைத் தாண்டிப் போய், "அக்கா, நான் கைய வுட்டு காலத் திருப்பிவுடறேன்கா, பத்து நிமிஷம்" என்று நின்றாள். "வேணாம்மா, நாங்க பாத்துக்குறோம். ஒன் கை ராசி தெரிஞ்சதுதானே" என்றாள் மருதாயி. பக்கத்து ஊரிலிருந்து யாரோ ஒருவன் வந்து கயிறு கட்டி நான்கு பேரை வைத்து இழுத்தான். கன்று இரண்டு துண்டாக வந்தது. மாடு மூன்றாம் நாள் போனது. மலர்க்கொடி அந்த மூன்று நாளும் தன் வாசல் கதவைத் திறக்கவே இல்லை.

அந்த வருடம் ஆடியில் அவள் என்னைப் பார்க்க சொசைட்டிக்கு வந்தாள். சுகன்யாவுக்குத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் தனக்குச் சமையல் வேலை சொல்லி வைத்திருக்கிறாள் என்றாள். கணக்கை முடித்துக்கொள்ள உறுப்பினர் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். காலியான மாட்டுக் கொட்டகையின் தகரத்தைக்கூட விற்றுவிட்டாளாம். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அங்கே மாடு ஏதும் வைத்துக்கொள்ள முடியாதா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"இனிமே மாட்டத் தொடறதா இல்லண்ணே" என்றாள். "செத்தது கூடப் போவுது. நான் இருந்த தெருவுல பத்தொம்பது வூட்டுல பதினெட்டு வூடு எம்மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லுச்சு. அதத்தான் தாங்க முடியல."

பதினெட்டு என்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க ஒருத்தருதான் மறைக்காம சொன்னீங்க. ரெண்டு மூணு பேரு குடுத்தாங்கன்னு. ஒங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான், நீங்க என்ன பண்ணுவீங்க? சுகன்யாகிட்டகூடச் சொன்னேன், வீரமுத்து மாமா ஒருத்தரு இருக்காரு, ஊருக்கு எப்பவாச்சும் வந்தா அவங்க வூட்டுல மட்டும் ஒரு வாய்த் தண்ணி குடின்னு."

அமிர்தவல்லி பால் கேனோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் காதில் விழுந்தது. சொல்லிவிடு என்று கண்ணால் காட்டினாளா, சொல்லிவிடாதே என்று காட்டினாளா என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இனி இழக்க அவளுக்கு மாடு இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு மட்டும்தான் நஷ்டம். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

உறுப்பினர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, "பாத்துப் போயிட்டு வாம்மா" என்றேன்.